தாழ் உள்ளே, துணை வெளியே: திருப்பாவை நோன்பும் கைப்பேசி அடக்கமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தை நாம் பெரும்பாலும் உணவையும் அலங்காரத்தையும் துறக்கும் பாசுரமாகவே அநுஸந்திக்கிறோம். நெய்யும் பாலும் உண்பதில்லை, கண்ணுக்கு மையிடுவதில்லை, கூந்தலுக்கு மலர் சூட்டுவதில்லை என்று ஆய்ச்சியர் உறுதி கொள்கிறார்கள். அதே மூச்சில், பெரியோர் செய்யாதவற்றைத் தாமும் செய்வதில்லை என்கிறார்கள். ஒருவர் குற்றத்தை மற்றொருவரிடம் சென்று கோள் சொல்வதும் இல்லை என்கிறார்கள். நெய்யை விடுவதற்கும் கோள் சொல்லாமைக்கும் என்ன உறவு? முன்னது நாவின் சுவை, பின்னது நாவின் பேச்சு என்று சுருக்கமாகச் சொல்லி மேலே போய்விடலாம். ஆனால் இது ஒருத்தி தனியாக நோற்ற நோன்பு அன்று; கூடி நோற்ற நோன்பு. பலர் கூடி ஒரு விரதத்தை மேற்கொண்டால் யார் காத்தார், யார் தவறினார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்ததை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஆண்டாள் நோன்பைத் தொடங்கும்போதே விடை வைத்துவிடுகிறாள் என்று கொள்ள இடமுண்டு.

இதை இப்போது எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. விடியற்காலையில் கண் விழித்ததும் கை எம்பெருமானை நோக்கிக் குவிவதற்கு முன் கைப்பேசியைத் தேடுகிறது. நித்யாநுஸந்தானத்துக்கு வைத்த அரைமணி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தனியாக முயன்று பார்த்துத் தளர்ந்த அடியார்கள் பலர், இன்னொருவரைத் துணையாக வைத்துக்கொண்டு, 'இன்று காத்தேன், இன்று தவறினேன்' என்று அவரிடம் சொல்லி வருகிறார்கள். மேனாட்டில் இப்படிப்பட்டவரை 'அக்கவுண்டபிலிட்டி பார்ட்னர்' என்பர். நாம் நோன்புத் துணை என்றே சொல்வோம். இந்த வழியை நாடுவோர் அடுத்த அடியிலேயே தயங்கி நிற்கிறார்கள். நம் கைப்பேசிக்குள் குடும்பத்தார் கடிதங்கள் இருக்கின்றன, வைத்தியர் தந்த அறிக்கைகள் இருக்கின்றன, வங்கிக் கணக்கு இருக்கிறது, சொல்ல வெட்கப்படுபவையும் இருக்கலாம். துணைவருக்கு எவ்வளவு காட்ட வேண்டும்? எதையும் காட்டாவிட்டால் துணை எதற்கு? எல்லாவற்றையும் காட்டினால் நமக்கென்று மிஞ்சுவது என்ன?

கைப்பேசி விஷம் அன்று என்பதை முதலில் சொல்லிவிடுவோம். இந்த இதழையே பலர் அதில்தான் வாசிக்கிறார்கள். கடல் கடந்து வாழும் குழந்தைகள் ஸந்தை சொல்லிக்கொள்வதும், முதியோர் வீட்டிலிருந்தபடியே காலக்ஷேபம் கேட்பதும் அதன் வழியாகத்தான். ஆய்ச்சியர் விட்ட நெய்யும் பாலும்கூடப் பாபமான பொருள்கள் அல்ல. ஆயர்பாடியில் அவையே செல்வம், அவையே பிழைப்பு. பிழைப்பாக இருப்பதை ஒரு பயன் கருதிச் சில நாள்களுக்கு, ஓர் அளவுக்கு விடுவதே நோன்பு. ஆகவே கைப்பேசியை இகழ்ந்து பேசுவதில் நமக்கு ஆர்வம் இல்லை. அதை உடைத்தெறிந்தேன் என்று பெருமை பேசுவோர் மறுவாரமே புதியது வாங்குவதை உலகம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

இனி, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பது. இரண்டாம் பாசுரத்தில் நாச்சியார் உலகத்தாரையே விளித்துத் தங்கள் நோன்பின் வகையைச் சொல்கிறாள். எதை விடப்போகிறோம், எப்போது நீராடப்போகிறோம், யாரைப் பாடப்போகிறோம் என்பதில் மறைவே இல்லை. ஆனால் நேற்றுவரை யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று ஒரு சொல்கூட அங்கே இல்லை. பழைய பிழைகளைப் பற்றிய பேச்சு ஐந்தாம் பாசுரத்தில் வருகிறது. தூயோமாய் வந்து மலர் தூவி, வாயினால் பாடி, மனத்தினால் சிந்தித்தால், முன் செய்தவையும் இனி வர நிற்பவையும் நெருப்பிலிட்ட பஞ்சுபோல ஆகும் என்கிறாள். அந்தப் பஞ்சை எரிப்பது மாயனுடைய திருநாமம். தோழியரிடம் அதைப் பிரித்துக் காட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. உறுதிமொழி கோஷ்டிக்கு உரியது. பழங்கணக்கு எம்பெருமானுக்கு உரியது. நோன்புத் துணையை நாடும் அடியார் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதித் தயக்கம் தீரும். 'இன்னது செய்வேன், இன்னது செய்யேன்' என்பதைத் துணைவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'ஏன் இந்நிலைக்கு வந்தேன்' என்பதை அவரிடம் ஒப்புவிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை பத்துத் திருமாளிகைகளின் வாசலில் ஆய்ச்சியர் நிற்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். உள்ளே கண்வளரும் பெண்பிள்ளைகளின் உறக்கம் நம் உறக்கம் போன்றது அன்று. அவர்கள் க்ருஷ்ணாநுபவத்தில் ஆழ்ந்து கிடக்கிறார்கள் என்றே பூர்வாசாரியர்கள் வ்யாக்யானங்களில் காட்டியருளுகிறார்கள். அந்த நிலையையும், படுக்கையில் கிடந்தபடி கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும் நம் நிலையையும் ஒன்றாக எண்ணுவது அபசாரம். எழுப்புகிறவர்கள் எழுப்பிய முறையை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அந்த முறை என்ன? அவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். பறவைகள் கூவுகின்றன, கோயிலில் சங்கு ஒலிக்கிறது, தயிர் கடையும் ஓசை கேட்கிறது, எருமைகள் பனிப்புல் மேயப் புறப்பட்டன, வெள்ளி எழுந்து வியாழன் உறங்கிற்று என்று வெளியே நடப்பதைச் சொல்கிறார்கள். பரிகாசம் உண்டு, ஊடலும் உண்டு. ஆனால் சொல்லும் செய்தி எப்போதும் வானத்தைப் பற்றியது, ஊரைப் பற்றியது, எம்பெருமானைப் பற்றியது. ஒன்பதாம் பாசுரத்தில் மாமன் மகள் கிடக்கும் மாளிகையில் சுற்றிலும் விளக்குகள் எரிகின்றன, தூபம் கமழ்கிறது. வெளியில் நிற்பவர்களுக்கு அது தெரிகிறது. ஆயினும் அவர்கள் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை. மணிக்கதவின் தாழை நீயே நீக்கு என்கிறார்கள். தாழ் உள்பக்கம் இருக்கிறது. திறக்கும் அதிகாரமும் உள்ளே இருப்பவளுக்கே. பதில் வராதபோது மாமியை அழைத்து, மகள் ஊமையோ, செவிடோ, யாரேனும் மந்திரத்தால் நெடுந்துயிலில் ஆழ்த்திவிட்டார்களோ என்று கேட்கிறார்கள். அப்போதும் மாமியிடம் அவர்கள் கேட்பது மகளை எழுப்பித் தரும்படி மட்டுமே. உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று வேவு பார்த்துச் சொல்லும்படி அன்று.

பத்தாம் பாசுரம் நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு நேராகவே விடை தருகிறது. வாசலைத்தான் திறக்கவில்லை, மறுமொழியாவது தரக்கூடாதா என்று அங்கே கேட்கிறார்கள். இதை நின்று அநுபவிக்க வேண்டும். கதவும் மறுமொழியும் அங்கே இரண்டு பொருள்கள். கதவைத் திறப்பது வேறு, குரல் கொடுப்பது வேறு. கதவு மூடியிருப்பதை அவர்கள் பொறுக்கிறார்கள்; மௌனத்தை அவர்களால் பொறுக்க முடியவில்லை. துணையாய் வந்தவர்களுக்கு உள்ளே இருப்பவள் கடன்பட்டிருப்பது ஒரு குரலுக்கு. அறைக்குள் இருப்பதைக் காட்டும் கடன் அவளுக்கு இல்லை.

இதை நம் காலத்து நடைமுறைக்குக் கொண்டுவர, ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு அதிகம் நகர வேண்டியதில்லை. அங்கிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் ராஜபாளையம். அதற்கு மேற்கே மலையடிவாரத்தில், காட்டாற்றின் கரையில் நீர் காத்த அய்யனார் கோவில் என்று வழங்கும் இடம் இருக்கிறது. (தேவதாந்தர விஷயம் பேசுவது நம் வழக்கம் அன்று. நிலத்தையும் நீரையும் அறிவதற்காக ஊர்ப்பெயரைச் சொல்கிறோம்.) மழைக்காலத்தில் மலையிலிருந்து பெருகும் அந்த ஆற்று நீர், ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து ராஜபாளையத்து வீடுகளுக்குக் குடிநீராகிறது. நீரை அளந்து விடுவது தென்பாண்டி நாட்டுக்குப் பழகிய வித்தை. கண்மாய்ப் பாசனத்தில் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை மடை திறந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முறை மீறி மடையைத் திறந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் அந்த நீரில் விளைந்தது எத்தனை மூட்டை, வீட்டுக்கு எவ்வளவு போயிற்று, கடனுக்கு எவ்வளவு போயிற்று என்பது அவர் விசாரிக்கும் விஷயம் அன்று. அவர் காப்பது மடையை, களஞ்சியத்தை அன்று. நோன்புத் துணைவரின் எல்லையும் இதுவே என்று நாம் நினைக்கிறோம்.

ராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒரு அடியார், ஸிங்கப்பூரில் வாழும் தம் பழைய தோழரைத் துணையாகக் கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல்வர் ஆலைக்குச் செல்வது முறை வேலைக்கு. இரவு வேலை முடிந்து காலையில் வீடு வருகிற வாரமும் உண்டு. அவரிடம் 'நாலரை மணிக்கு எழுந்தீரா' என்று கேட்பதில் பொருள் இல்லை. ஆகவே அளவை அவரே வகுக்கிறார்: எப்போது எழுந்தாலும், நீராடித் திருமண் காப்பு தரித்துத் திருவாராதனம் முடியும்வரை கைப்பேசி கூடத்துப் பிறையில் இருக்கும், படுக்கையறைக்குள் வராது. தோழருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவே. நாள்தோறும் குறித்த வேளையில் அவர் கேட்கிறார்: 'ஸ்வாமி, இன்று?' இவர் பதில் சொல்கிறார்: 'அடியேன், நின்றது.' அல்லது, 'அடியேன், தவறியது.' தவறியது என்றால் எதைப் பார்த்தீர், யாரோடு பேசினீர் என்று அடுத்த கேள்வி வருவதில்லை. 'தேவரீர் நாளை எவ்வேளைக்கு எழுந்தருள்வீர்?' என்பதே அடுத்த கேள்வி. பார்த்தால் மிகச் சிறிய உரையாடல். ஆனால் மாலையில் ஒருவர் கேட்கப்போகிறார் என்ற நினைவு காலையில் கையைத் தடுக்கும். பொய் சொல்லலாமே என்றால், சொல்லலாம். திரைப்படம் எடுத்து அனுப்பினாலும் பொய் சொல்ல நினைப்பவர் இரண்டாவது கைப்பேசி வாங்கிக்கொள்வார்.

மொத்த நேரத்தை மட்டும் பார்த்து மதிப்பிடுவதிலும் ஒரு பிழை நேரும். ஏகாதசியன்று மூன்று மணி நேரம் உபந்யாஸம் கேட்டவருக்கும், மூன்று மணி நேரம் வம்பு பார்த்தவருக்கும் கைப்பேசி காட்டும் எண் ஒன்றே. அந்த எண்ணைத் துணைவருக்கு அனுப்பினால் அடுத்து விளக்கம் சொல்ல நேரும். விளக்கம் சொல்லப் புகுந்தால் கதவு மெல்லத் திறந்துவிடும். எண்ணைவிட 'நின்றது, தவறியது' என்ற சொல்லே மேல்.

கருவியின் உதவி வேண்டுவோருக்கும் வழி இருக்கிறது. ஐபோனில் 2018 முதல் 'ஸ்க்ரீன் டைம்' என்ற ஏற்பாடு உண்டு. அதில் ஒவ்வொரு செயலிக்கும் இவ்வளவு நேரம் என்று வரம்பு வைத்து, வரம்பை நீட்டிக்க நான்கு இலக்கக் கடவுச்சொல் கேட்கும்படி செய்யலாம். நேரில் சந்திக்கும்போது அந்த நான்கு இலக்கங்களைத் துணைவர் தம் கையால் இட்டுத் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும். அதனால் மட்டும் கைப்பேசிக்குள் இருக்கும் எதுவும் அவர் பார்வைக்குப் போய்ச் சேராது. வரம்பு மட்டும் அவர் சம்மதமின்றி நகராது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உள்ள 'டிஜிட்டல் வெல்பீயிங்' வரம்பை உடையவரே எப்போதும் நீக்கிவிடலாம். அங்கே துணைவரின் குரல் ஒன்றுதான் தாழ்.

இதற்கு நேர்மாறான ஏற்பாடுகளும் உலகில் உண்டு. திரையில் தோன்றுவதைப் படமெடுத்தும், பார்த்த பக்கங்களைப் பட்டியலிட்டும் துணைவருக்கு அனுப்பும் செயலிகள் மேனாட்டுச் சமயக் குழுக்களிடையே பரவியிருக்கின்றன. 2022-இல் அப்படிப்பட்ட இரண்டு செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து விலக்கியது. உடல் குறை உள்ளவர்களுக்கென்று வைத்த வசதியைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தியதே காரணம். அவற்றை நாடுவோரின் நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஒருவர் திரையில் அவர் மட்டுமா இருக்கிறார்? மகள் அனுப்பிய கடிதம் இருக்கிறது, நோயுற்ற நண்பர் எழுதிய துயரம் இருக்கிறது. அவர்கள் யாரும் அந்தத் துணைவரைத் தேர்ந்தெடுக்கவில்லையே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் நம் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது நாட்டுக்கு. வீட்டுக்குள்ளும் கோஷ்டிக்குள்ளும் அந்த மரியாதை குறைய வேண்டியதில்லை.

நம் கோயில்களிலேயே ஒரு நல்ல உதாரணம் கிடைக்கிறது. 2022 டிஸம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகத் திருக்கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுசெல்வதைத் தடைசெய்ய அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. அதற்கென்று காப்பிடம் வைத்த கோயில்களில், வாசலில் கைப்பேசியைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். காப்பிடத்தில் இருப்பவர் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். 'இதில் என்ன வைத்திருக்கிறீர்' என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் நாம் கொடுக்கவும் மாட்டோம். அவர் கேளாமல் இருப்பதனால்தான் கையை வீசிக்கொண்டு பெருமாளை ஸேவிக்கப் போக முடிகிறது.

துணைவராக யாரைக் கொள்வது? ஏறத்தாழ ஒத்த வயதும் ஒத்த நிலையும் உள்ளவர், ஆடவருக்கு ஆடவர், அம்மங்கார்களுக்கு அம்மங்கார்கள் என்றிருப்பது நலம். ஆண்டாள் கூட்டியதும் தோழியரைத்தான். தம்பதிகள் ஒருவருக்கொருவர் துணையாவதை நாம் அவ்வளவாக ஊக்குவிப்பதில்லை. அடுக்களைச் சண்டையில் 'நேற்றும் தவறினீர்களே' என்ற சொல் ஆயுதமாகிவிடும். ஆசாரியனைத் துணைவராக்கிக்கொள்வதும் பொருந்தாது. ஆசாரியன் நம்மை எம்பெருமான் திருவடிகளில் சேர்ப்பிப்பவர். அவரிடம் தினமும் கைப்பேசிக் கணக்கு ஒப்பிப்பது, பட்டத்து யானையைக் கொண்டு வைக்கோல் சுமக்கச் செய்வது போலாகும். உயர்ந்த இடத்தில் இருப்பவரிடம் அச்சம் அதிகம். அச்சம் அதிகமானால் உண்மை குறையும்.

துணைவரே தவறினால்? இதற்கு நாச்சியார் ஒரு திருமாளிகையையே ஒதுக்கியிருக்கிறாள். பதினான்காம் பாசுரத்தில் உறங்குபவள் சாமானியப்பட்டவள் அல்லள். மற்றவர்களுக்கு முன்பே எழுந்து வந்து எல்லோரையும் எழுப்புவேன் என்று வாய்ச்சொல் கொடுத்தவள் அவள். அவள் வீட்டுப் புழைக்கடை வாவியில் செங்கழுநீர் மலர்ந்துவிட்டது, ஆம்பல் கூம்பிவிட்டது. காவியுடைத் துறவிகள் தங்கள் திருக்கோயிலைத் திறக்கப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இவளோ இன்னும் எழவில்லை. நம்மில் ஒருவர் இப்படிச் செய்தால் என்ன நடக்கும்? 'நம்மை எழுப்புவதாகச் சொன்னவரே தூங்கிவிட்டார்' என்று குழுவில் எழுதிச் சிரிப்புப் படமும் சேர்ப்போம். ஆய்ச்சியர் அவளை விட்டுவிட்டுப் போகவும் இல்லை, அடுத்த வீட்டில் அவளைப் பற்றிப் பேசவும் இல்லை. அவள் வாசலுக்கே வந்து நின்று, நாணமில்லாதவளே என்று அவள் காதிலேயே சொல்கிறார்கள். அடுத்த சொல்லிலேயே, நாவன்மை உடையவளே என்று ஏற்றி, சங்கும் சக்கரமும் ஏந்திய தாமரைக்கண்ணனைப் பாட வா என்கிறார்கள். கடிந்தது ஒரு சொல், அழைத்தது மறு சொல். கடிந்தது அவளுக்கு மட்டுமே கேட்டது.

பதினைந்தாம் பாசுரத்தில் இன்னும் ஒரு படி ஏறுகிறது. வெளியே நிற்பவர்கள் குறை சொல்ல, உள்ளே இருப்பவள் வாதம் செய்யத் தொடங்கி, பின் அதை விட்டு, குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று இசைந்துவிடுகிறாள். பாகவதர்கள் சுமத்தும் குற்றத்தை, இல்லாததாயினும் இசைவதே ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் என்று நம் பெரியோர்கள் இந்த இடத்தில் உருகுகிறார்கள். துணைவர் கேட்கும்போது 'மின்சாரம் போயிற்று, அலுவலகத்தில் அழைத்தார்கள்' என்று நீட்டாமல், 'தவறியது' என்று நிறுத்திக்கொள்பவருக்கு இந்தப் பாசுரத்தின் வாசனை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. விளக்கம் குறைந்தால் அந்தரங்கமும் தானே காக்கப்படும் என்பது கூடுதல் லாபம்.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்பலாம். துணைவருக்கு ஒரு நாளில் தெரிவது ஒரு சொல்தான் என்றாலும், ஒரு மார்கழி முடிவதற்குள் முப்பது சொற்கள் சேர்ந்துவிடும். எந்தக் கிழமையில் தவறுகிறார், எந்தத் துயரத்துக்குப் பின் தவறுகிறார் என்று தானே புரியத் தொடங்கும். கேளாமலே தெரிந்துகொண்ட அந்த அறிவு மிகவும் கனமானது. அதைச் சுமக்கத் தெரியாதவர் துணையாகக் கூடாது. கோள் சொல்லாமை நோன்பின் உறுப்பாக வைக்கப்பட்டது இங்கேதான் பயன்படுகிறது. கோஷ்டியில் வாராவாரம் யார் காத்தார், யார் தவறினார் என்று அட்டவணை போட்டு வாட்ஸ்ஆப் குழுவில் வெளியிடும் வழக்கம் சில இடங்களில் தலைகாட்டுகிறது. ஊக்கம் தருவதற்கு என்கிறார்கள். நெய்யை விட்டுவிட்டுக் கோளை உண்பதற்கு நோன்பு என்று பெயர் இல்லை. தவறியவர் வெட்கி விலகினால், ஒரு பாகவதரைக் கோஷ்டியிலிருந்து பிரித்த அபசாரம் அட்டவணை போட்டவரைச் சேரும்.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில் இதற்குப் பிராட்டியை எடுத்துக்காட்டாக அருளிச்செய்கிறார். அசோகவனத்தில் பத்து மாதம் ராக்ஷஸிகள் இழைத்த கொடுமைகளைப் பிராட்டி தன் திருவுள்ளத்திலே வைத்துக்கொண்டாள், பெருமாளிடமும் அறிவிக்கவில்லை. சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது; சொன்னதும் கேட்கக்கூடியவர் அருகிலேயே இருந்தார். ஆயினும் சொல்லவில்லை. தனக்குத் தீங்கு செய்தவர் விஷயத்திலேயே இப்படியென்றால், நம்பி ஒரு சொல் தந்தவர் விஷயத்தில் துணைவர் எப்படி இருக்க வேண்டும்?

ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். இணையச் சூதாட்டத்தில் வீட்டை அடகு வைத்துவிட்டார், உயிரை விட நினைக்கிறார் என்று துணைவருக்குத் தெரியவந்தால், அங்கே வாய்மூடி நிற்பது கோள் தவிர்த்தல் ஆகாது, கைவிடுதலே ஆகும். தமிழகம் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்து 2022-இல் சட்டம் இயற்றியதற்குப் பின்னால் பல குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது. அத்தகைய நிலையில் 'இதை நான் மட்டும் சுமக்க முடியாது. உம் தமையனாரிடம் சொல்லப் போகிறேன், நீரும் உடன் வாரும்' என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும். மனநல உதவிக்கு அரசின் 14416 என்ற எண் எந்நேரமும் இருக்கிறது. வேறெங்கும் செல்லாமல், உதவக்கூடியவரிடம் மட்டும் செல்லும் பேச்சு கோள் அன்று. குழந்தைகள் விஷயமும் வேறு. பத்து வயதுப் பிள்ளையின் கைப்பேசியைப் பெற்றோர் பார்ப்பது கடமை. ஆனால் பார்த்ததை உறவினர் கூடிய இடத்தில் சொல்லிச் சிரிப்பது கடமையில் சேராது.

பெரியாழ்வார் தம் திருமகளிடம் நடந்துகொண்ட விதத்தை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. வடபத்ரசாயிக்கென்று தொடுத்த மாலையைக் கோதை சூடிக் கிணற்று நீரில் அழகு பார்த்தாள். கண்ணாடிக் கிணறு என்று இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதைக் காட்டுகிறார்கள். ஆழ்வார் கண்டார், கண்டித்தார், அன்று அந்த மாலையைச் சாத்தவில்லை. ஊரைக் கூட்டவில்லை. எது உண்மையில் குற்றம், எது பேறு என்பதை எம்பெருமானே கனவில் வந்து அவரிடம் சொல்லவேண்டியிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர் ஆழ்வாரே ஆனாலும், உள்ளே நடப்பதன் பொருள் முழுவதும் தெரிந்துவிடுவதில்லை.

அந்த ஆழ்வாரே பெரியாழ்வார் திருமொழி நான்காம் பத்தின் ஒன்பதாம் திருமொழியில் திருவரங்கத்தைப் பாடும்போது ஒரு செய்தி சொல்கிறார். தன் அடியார் ஒருவருடைய குற்றத்தைத் தாமரையில் வாழும் பிராட்டியே எடுத்துச் சொன்னாலும், 'என் அடியார் அப்படிச் செய்யார். செய்தாலும் நன்றாகவே செய்தார்' என்று எம்பெருமான் அவளிடமே மறுத்துப் பேசுவானாம். பராசர பட்டரும் ஸஹஸ்ரநாம பாஷ்யத்தில் 'அவிஜ்ஞாதா' என்ற திருநாமத்துக்கு, அடியார்களின் குற்றங்களை அறியாதவன் என்று பொருள் அருளிச்செய்தார். ஒவ்வொரு நெஞ்சுக்குள்ளும் அந்தர்யாமியாய் எழுந்தருளியிருப்பவன். அவனுக்கு எந்தத் தாழும் தடை இல்லை. அப்படிப்பட்டவன் பட்டர் வாக்கில் அறியாதவனாக நிற்கிறான். விஷ்ணுசித்தர் பாட்டில், கோள் வந்தால் பிராட்டியின் சொல்லாயினும் காது கொடாதவனாக நிற்கிறான்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்
பெரியாழ்வார் திருவடிகளே சரணம்
எம்பெருமானார் திருவடிகளே சரணம்
ஜீயர் திருவடிகளே சரணம்